பாதி தெரிந்த ஊர்

ஜப்பானுக்கு வேலையாகப் போகிறவர் எப்படித் தயாராகிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? ஒரு மாதத்திற்கு முன்பே யூடியூப் முன் உட்கார்ந்துவிடுவார். பெயர் அட்டையை இரண்டு கையாலும் நீட்ட வேண்டும், சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது, ரயிலில் கைப்பேசியில் சத்தமாகப் பேசக் கூடாது என்று மனப்பாடம் செய்வார். வணக்கம் சொல்லும்போது எத்தனை டிகிரி குனிய வேண்டும் என்று என்னிடமே ஒருவர் கேட்டிருக்கிறார். அதே மனிதரை ஜாகர்த்தாவுக்கு அனுப்பிப் பாருங்கள். முதல் நாள் இரவு பத்து மணிக்குப் பெட்டியில் நான்கு சட்டையைத் திணித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். "அங்கென்ன இருக்கு, பக்கத்து ஊருதானே. மலாய் தெரியும், சாப்பாடு தெரியும், ரெண்டு மணி நேரம் பறந்தா போயிடலாம்."

சில ஆண்டுகளாக வேலை நிமித்தம் கோலாலம்பூருக்கும் ஜாகர்த்தாவுக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கிறேன். பள்ளி விடுமுறை கிடைத்தபோதெல்லாம் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு சுமத்ரா, ஜாவா, பாலி என்று சுற்றியிருக்கிறோம். நான் பார்த்தவரையில், ஜப்பானில் தடுக்கி விழுந்த நம்மவர்களைவிட இந்தோனேசியாவில் தடுக்கி விழுந்தவர்களே அதிகம். அறியாத ஊரில் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொள்கிறோம். பாதி தெரிந்த ஊரில் மூடிக்கொண்டு நடக்கிறோம்.

மொழியிலிருந்தே தொடங்கலாம். எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழிக்கு 'ஏ' வாங்கிய பெருமையோடு போய் இறங்கும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். விடுதி வரவேற்பறையில் அப்பா பிள்ளைகளைக் காட்டி, "இவர்கள் என் புடாக்" என்கிறார். நமக்கு அது சிறுவர். அவர்களுக்கு அந்தச் சொல் அடிமையைக் குறிக்கும். காலைச் சிற்றுண்டி இலவசமா என்று தெரிந்துகொள்ள "பெர்ச்சுமா?" என்று கேட்கிறார். அங்கே அதற்கு 'வீண்' என்று பொருள். இலவசம் என்றால் 'கிராத்திஸ்'. டாக்சியில் ஏறி வலப்பக்கம் திரும்பச் சொல்ல "பூசிங்" என்றால், ஓட்டுநர் கண்ணாடியில் கவலையோடு பார்ப்பார். அவர் ஊரில் பூசிங் என்றால் தலைச்சுற்றல். இன்னொன்றும் இருக்கிறது. 'தேவை' என்பதற்கு இந்தோனேசியர்கள் நாள் முழுவதும் சாதாரணமாகச் சொல்லும் ஒரு சொல், நம் ஊரில் வாயில் எடுக்க முடியாதது. குடும்பத்தோடு படிக்கிற பக்கம் என்பதால் எழுதாமல் விடுகிறேன், தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. அலுவலக மேசைக்கு வந்தால் விலை கூடுகிறது. நமக்கு 'பெஜாபாட்' என்பது அலுவலகம். அங்கே அது அதிகாரி. நமக்கு 'காக்கிதாங்கான்' ஊழியர்கள். அங்கே அது எடுபிடி, கையாள். "என் காக்கிதாங்கான் நாளை வந்து உங்கள் பெஜாபாட்டைப் பார்ப்பார்கள்" என்று நல்லெண்ணத்தோடு ஒருவர் எழுதினால், என் அடியாட்கள் வந்து உங்கள் அதிகாரியைப் பார்ப்பார்கள் என்று மிரட்டுவதுபோல் போய்ச் சேரும்.

எங்கள் குழுவில் சேர்ந்த ஓர் இளம் பொறியியலாளருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கெட்டிக்காரர், நேரம் தவறாதவர். ஜாகர்த்தா வாடிக்கையாளரிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி: சந்திப்பு நாளை 'ஜாம் செத்தெங்ஙா செம்பிலான்'. செம்பிலான் ஒன்பது, செத்தெங்ஙா அரை. ஒன்பதரை என்று குறித்துக்கொண்டார். நம் மலாயில் எட்டரையை 'லாப்பான் செத்தெங்ஙா' என்போம். தமிழிலும் அப்படித்தான், எட்டோடு அரையைக் கூட்டி எட்டரை. இந்தோனேசியாவில் டச்சுக்காரர்கள் கணக்கு. 'அரை ஒன்பது' என்றால் ஒன்பதை எட்ட இன்னும் அரை மணி இருக்கிறது, அதாவது எட்டரை. இளைஞர் ஒன்பது இருபதுக்குப் போய், பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்ட நிம்மதியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஐந்து பேர் எட்டரையிலிருந்து காத்திருந்துவிட்டுக் கலைந்து போயிருந்தார்கள்.

யாரும் கோபப்படவில்லை. தேநீர் வந்தது, பலகாரம் வந்தது, விமானப் பயணம் எப்படி இருந்தது என்று விசாரித்தார்கள். சந்திப்பு மட்டும் அன்றைக்கு நடக்கவில்லை; அடுத்த மாதத்திற்குப் போனது. எதனால் என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. திரும்பி வந்த பிறகு வேறொருவர் வழியாகத்தான் தெரிந்தது.

ஒரே மொழி ஏன் இப்படிப் பிரிந்தது என்று கேட்டால், 1824-இல் லண்டனில் போட்ட ஓர் ஒப்பந்தத்தில் பெரும்பகுதி விடை இருக்கிறது. பிரிட்டிஷாரும் டச்சுக்காரர்களும் மலாய் உலகத்தின் நடுவே கோடு போட்டு, மலாக்கா நீரிணைக்கு இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு என்று பங்கிட்டுக்கொண்டார்கள். அதன்பின் நம் மலாய் ஆங்கிலத்தைக் குடித்து வளர்ந்தது, அவர்களுடையது டச்சைக் குடித்து வளர்ந்தது. 1928-இல் அங்குள்ள இளைஞர்கள் அதையே 'இந்தோனேசிய மொழி' என்று உறுதிமொழி எடுத்துத் தேசத்தின் மொழியாக்கினார்கள். 1972-இல் இரு நாடுகளும் ஒரே எழுத்துமுறைக்கு வந்தன. எழுத்து ஒன்றானதால் சொற்களும் ஒன்று என்று நினைப்பது நமக்கு இன்னும் எளிதாகிவிட்டது. அங்கே துண்டுக்கு 'ஹண்டுக்', குளிர்பதனப் பெட்டிக்குக் 'குல்காஸ்', அலுவலகத்துக்குக் 'கந்தோர்'. எல்லாம் டச்சு. இந்தக் கந்தோரைக் கேட்டதும் எங்கோ காதில் விழுந்த சொல்லாயிற்றே என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் வேலைக்குப் போவதைக் 'கந்தோருக்குப் போறன்' என்றுதான் சொல்வார்கள். டச்சுக்காரர்கள் இலங்கையையும் ஆண்டவர்கள்தாமே.

மேடானுக்குப் போனால் இந்தோனேசிய மொழி தெரிந்தவருக்கே குழப்பம். நாடு முழுதும் 'பாஜாக்' என்றால் வரி. மேடானில் அது சந்தை. 'பாசார்' என்றால் பெரிய சாலை. 'கெரெத்தா' நமக்குக் காடி, ஜாகர்த்தாக்காரர்களுக்கு ரயில், மேடான்காரர்களுக்கு மோட்டார் சைக்கிள். 'மோட்டோர்' என்றால் அங்கே காடி. 'அவாக்' நமக்கு நீ, மேடானில் நான். இவ்வளவும் பினாங்கிலிருந்து ஒரு மணி நேரம்கூடப் பறக்கத் தேவையில்லாத ஊரில்.

சொற்களை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். இனிச் சொல்லப்போவது அவ்வளவு சுலபமில்லை, கொஞ்சம் கசக்கவும் கசக்கும்.

நமக்கு இந்தோனேசியர்களை எங்கிருந்து தெரியும்? கட்டுமானத் தளத்திலிருந்து, செம்பனைத் தோட்டத்திலிருந்து, நம் வீட்டுச் சமையலறையிலிருந்து. இன்று முப்பது வயதில் நல்ல வேலையில் இருக்கும் பலரை, பெற்றோர் இருவரும் வேலைக்குப் போன பகல்களில், ஒரு 'பிபிக்' பார்த்துக்கொண்டார். அவர் ஊட்டிவிட்டார், பள்ளிப் பேருந்துக்குக் கூட்டிப்போனார். அவரிடம் நம் வீடுகளில் பேசப்பட்ட மலாய் எது? "கழுவு", "எடு", "சீக்கிரம்". தேர்வுத்தாள் மலாய் ஒன்று, ஏவல் மலாய் ஒன்று. இந்த இரண்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஜாகர்த்தாவின் சுடிர்மான் சாலையில், முப்பது மாடிக் கட்டடத்தில், தனக்கு மேலதிகாரியாக இருக்கும் ஒரு ஜாவானியப் பெண்மணியின் எதிரே ஒருவர் உட்கார்ந்தால், வாயிலிருந்து எந்த மலாய் வரும்? அவசரத்தில் இரண்டாவதுதான் வருகிறது. நான் கேட்டிருக்கிறேன். "பேப்பர் கொடு" என்பதுபோல ஒரு தொனி. அந்த அம்மையார் முகம் மாறாமல் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். அடுத்த கூட்டத்திற்கு அவருக்குப் பதில் அவருடைய உதவியாளர் வந்தார்.

'இந்தோன்' என்ற சொல்லையும் பேசித்தான் ஆக வேண்டும். நமக்கு அது வெறும் சுருக்கம், வாய்க்கு வசதி. அவர்களுக்கு அது இழிசொல். கூலி, அனுமதியில்லாமல் வந்தவன், திருடன் என்று நாம் அதில் ஏற்றி வைத்த அத்தனையும் அவர்கள் காதில் விழுகிறது. "நாங்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லையே" என்று நம்மில் ஒருவர் வாதாடுவதையும் கேட்டிருக்கிறேன்.

இந்த வாதம் நமக்குப் புதிதா? இதே நாட்டில் நம்மைக் குறிக்க 'கெலிங்' என்ற சொல்லை வீசிவிட்டு, "அது பழைய சொல்தானே, கெட்ட எண்ணம் இல்லையே" என்றவர்களுக்கு நாம் என்ன பதில் சொன்னோம்? சொல்லின் எடையைச் சொல்பவன் நிறுக்க முடியாது, வாங்கிக்கொள்பவன்தான் நிறுக்க முடியும் என்றோம். சரியாகத்தான் சொன்னோம். அந்தத் தராசை நாம் பேசும்போது மட்டும் எடுத்து உள்ளே வைத்துவிடுகிறோம்.

இந்தச் சொல் பற்றி மேடானில் ஒரு பாடம் கிடைத்தது. எங்களோடு வேலை செய்த ஒரு காரோ இனத்தவர் தம் பெயர் அட்டையை நீட்டினார். காரோ மக்கள் மேடானுக்குத் தெற்கே மலைப்பகுதியைச் சேர்ந்தவர்கள். பெயருக்குப் பின்னால் குலப்பெயர் இருக்கும். அட்டையில் அவர் பெயரை அடுத்துச் 'செம்பிரிங் கெலிங்' என்று அச்சாகியிருந்தது. கிள்ளானிலிருந்து வந்திருந்த நம் பையன் ஒருவர் அதைப் படித்ததும் முகம் சிவந்துவிட்டார், யாரோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்து. காரோ நண்பருக்கு அந்தச் சிவப்பு புரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே தம் குலத்தின் கிளைகளைச் சொல்லத் தொடங்கினார்: சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா. நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். சோழர், பாண்டியர், பல்லவர், மலையாளம் என்று ஆய்வாளர்கள் இந்தப் பெயர்களைத் தென்னிந்தியாவோடு தொடர்புபடுத்துகிறார்கள். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே லோபு துவாவில், 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழு வெட்டி வைத்தது. கற்பூரம் வாங்க வந்தவர்களின் சுவடு. "உங்கள் ஆட்களின் வழியில் வந்தவர்களாக நாங்கள் இருக்கலாம்" என்றார் அவர், பெருமையாக. பையன் அட்டையை மறுபடி எடுத்துப் படித்தார். அன்று மாலை வரை அதைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

நம்மைச் சுடும் சொல் இன்னொருவருக்குக் குலப்பெயர். கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் சொல் அது. பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அதே பெயரோடு நிற்கிறது. ஆனால் மேடானில் தமிழர்கள் குடியேறிய 'கம்போங் கெலிங்' பிற்காலத்தில் 'கம்போங் மெட்ராஸ்' என்று பெயர் மாற்றப்பட்டது. ஆக அங்குள்ளவர்களுக்கும் அந்தச் சொல் உறுத்தாமல் இருந்திருக்காது. ஒரே ஊரில், ஒரே சொல், ஒருவருக்குப் பெருமை, ஒருவருக்கு உறுத்தல். இதை எந்தக் கையேட்டில் எழுதி வைப்பது? அருகில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

அந்தக் கம்போங் மெட்ராஸில், 1884-இல் கட்டப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கிறது. டெலி வட்டாரத்தின் புகையிலைத் தோட்டங்களுக்கு டச்சுக்காரர்கள் ஆள் கொண்டுவந்த காலம். நம் தாத்தாக்கள் கிள்ளானில் இறங்கியபோது அவர்களின் பங்காளிகள் நீரிணையின் மறுகரையில் இறங்கினார்கள். குடும்பத்தோடு முதல் தடவை அந்தக் கோயிலுக்குப் போனபோது, என் பிள்ளைகள் வயதுப் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். முகம் நம் முகம், நெற்றியில் விபூதி, பேச்சு முழுக்க இந்தோனேசிய மொழி. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள நாட்டிலிருந்து வந்த என் மகளுக்கு அது வியப்பாக இருந்தது. "இவங்களுக்கு ஏன் தமிழ் வரலை?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லுமுன், அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி அவளிடம் மேடான் பேச்சில் ஏதோ கேட்க, இவள் பள்ளிக்கூட மலாயில் பதில் சொல்ல, பத்து நிமிடத்தில் இருவரும் பிரகாரத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அலுவலகத்திற்கே திரும்புகிறேன். ஜாகர்த்தாவில் யாரையும் வெறும் பெயரால் கூப்பிட மாட்டார்கள். மின்னஞ்சலில்கூட 'பாப்பாக்', 'இபு' என்று அப்பா, அம்மா உறவுச்சொல் முன்னால் வரும். இளையவர் என்றால் ஜாவானிய வழக்கில் 'மாஸ்', 'ம்பாக்': அண்ணன், அக்கா. மேடானில் 'பாங்' என்றால் முடிந்தது. இதைக் கற்றுக்கொள்ள நமக்கு வகுப்பே தேவையில்லை. கடைக்காரரை அண்ணே என்றும், பூ விற்கும் அம்மாளை அக்கா என்றும் கூப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் கோலாலம்பூர் அலுவலகங்களில் ஆங்கிலத்தில் எழுதி எழுதி, 'ஹாய்' போட்டுப் பெயரை எழுதினால் நட்பு என்ற பழக்கம் நம் விரலில் ஏறிவிட்டது. ஐரோப்பியர் அப்படி எழுதினால் ஜாகர்த்தாக்காரர் பொறுத்துக்கொள்வார், அவர்கள் வழக்கம் அது என்று. நம்மிடம் பொறுமை குறைவு. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள், அது நியாயமும்கூட.

'இல்லை' என்று நேராகச் சொல்லாமல் 'குராங்' என்பார்கள், 'குறைவு' என்ற பொருளில். 'குராங் செத்துஜு': உடன்பாடு கொஞ்சம் குறைவு. அதைக் கேட்டு, சிறிது பேரம் பேசினால் சம்மதம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. அது முழு மறுப்பு. 'பார்க்கலாம்' என்று நம் பெரியவர்கள் சொன்னால் கல்யாணப் பேச்சு முடிந்தது என்று நமக்குத் தெரியும் அல்லவா, அந்த மாதிரி. எல்லா இந்தோனேசியரும் இப்படி என்றும் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். பாத்தாக் நண்பர்கள் முகத்துக்கு நேரே, மேசையைத் தட்டி, வேண்டாம் என்பார்கள். ஐந்து நிமிடத்தில் காப்பிக்கு அழைப்பார்கள்.

சமயத்திலும் இதே பாதித் தெரிதல்தான். பாலிக்குப் போகும் நம் குடும்பங்கள், அது இந்துக்கள் தீவு, நம்ம ஆளுங்க என்ற எண்ணத்தோடு போகிறார்கள். முதல் அதிர்ச்சி பன்றி இறைச்சி. முழுப் பன்றியைச் சுட்டுச் சடங்கில் படைப்பதைப் பார்த்துவிட்டு, "இவங்க என்ன இந்து?" என்று முகம் சுளித்த ஒரு தம்பதியைச் சந்தித்திருக்கிறேன். தோட்டப்புறத்தில் முனியாண்டிக்கு ஆடு வெட்டிச் சுருட்டும் மதுவும் வைத்த தாத்தாவின் பேரன்தான் அவர் என்று அவர் வாயாலேயே பிறகு பேச்சில் வந்தது.

இந்தோனேசிய அரசு அங்கீகரித்த ஆறு சமயங்களில் இந்து சமயம் ஒன்று. நாடு முழுவதற்கும் விடுமுறை தரும் இந்துப் பண்டிகை எது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். தீபாவளி என்பார்கள். அங்கே அது ஞெப்பி, பாலியின் சக ஆண்டுப் பிறப்பு. பெரும்பாலும் மார்ச் வாக்கில், தெலுங்கு அன்பர்களின் உகாதியை ஒட்டியே வரும். முதல் நாள் மாலை 'ஓகோ-ஓகோ' என்ற பூத உருவங்களைத் தூக்கிக்கொண்டு ஊரே ஆரவாரம் செய்யும். மறுநாள் விளக்கு ஏற்றக் கூடாது, வேலை செய்யக் கூடாது, வெளியே போகக் கூடாது, கேளிக்கை கூடாது. விமான நிலையத்தையே ஒரு நாள் முழுக்க மூடிவிடுவார்கள். சுற்றுலா வந்தவரும் விடுதியை விட்டு வெளியே இறங்க முடியாது. அதனால் பயணச்சீட்டு எடுக்குமுன் அந்த ஆண்டின் தேதியைப் பார்த்துவிடுங்கள். நமக்குப் பண்டிகை என்றால் விளக்கு, வெடி, விருந்தாளிக் கூட்டம். இருட்டும் மௌனமுமாக ஒரு பண்டிகை இருக்க முடியும் என்று என் மகன் ஏற்றுக்கொள்ளவே இல்லை. "வெடி இல்லாட்டி அது பண்டிகையே இல்ல" என்று பாலியை விட்டுக் கிளம்பும்வரை சாதித்தான். சாதிக்கட்டும்.

அவனுக்குப் பிடித்தது சரஸ்வதி நாள். பாலியின் 210 நாள் பஞ்சாங்கத்தில் ஒரு சுற்றுக்கு ஒரு முறை வருவதால், சில ஆண்டுகளில் இரண்டு தடவை. அன்றைக்குப் புத்தகங்களையும் பனையோலைச் சுவடிகளையும் அடுக்கிப் படையல் வைப்பார்கள். வழிபாடு முடியும்வரை படிக்கவோ எழுதவோ கூடாது. நவராத்திரியில் புத்தகத்தைச் சாமி அறையில் வைத்துவிட்டுத் துள்ளிக் குதித்த எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் இதை விளக்கத் தேவையில்லை. வருடத்துக்கு இரண்டு சரஸ்வதி பூசை கிடைக்குமா என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அம்மாவையும் ஒரு தடவை கூட்டிப்போனோம், யோக்யகார்த்தாவுக்கு. எழுபதைத் தாண்டியவர். மகாபாரதத்தைக் கதாகாலட்சேபமாகக் கேட்டு வளர்ந்தவர், அதில் ஒரு எழுத்தை மாற்றினாலும் விடமாட்டார். ஜாவானிய நிழற்பொம்மைக் கதையில் திரௌபதிக்கு ஒரே கணவர், தருமர் மட்டும்தான் என்று வழிகாட்டி சொன்னதும் அம்மா வண்டியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். வழிகாட்டி ஒரு ஜாவானிய முஸ்லிம், தாத்தாவிடம் கதை கேட்டு வளர்ந்தவர். அவரும் விடவில்லை. சிகண்டி அவர்கள் கதையில் வில்லெடுத்த வீரப்பெண், அர்ஜுனனின் மனைவியருள் ஒருத்தி. 'ஸ்ரீகண்டி' என்பார்கள். நம் மலாய் நாளிதழ்கள் விளையாட்டு வீராங்கனைகளுக்குச் சூட்டும் 'ஸ்ரீகண்டி' பட்டம் இதே சிகண்டிதான் என்று அன்றைக்குத்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. செமார் என்ற ஒருவரைப் பற்றியும் சொன்னார். தொந்தி பெருத்த, ஏழை வேலைக்காரக் கோமாளி. பாண்டவர்களுக்கு ஊழியம் செய்பவர். உண்மையில் அவர் ஒரு தேவர், அரசர்களே அவர் சொல்லைக் கேட்டாக வேண்டும். நம் பாரதத்தில் இவர் இல்லவே இல்லை. "யாரு சேர்த்தாங்களோ, நல்லாச் சேர்த்திருக்காங்க" என்றார் அம்மா.

பிரம்பானானில் சிவன் கோயில் 47 மீட்டர் உயரம், ஒன்பதாம் நூற்றாண்டு. நான்கு திசைக்கும் நான்கு அறை. கிழக்கே சிவன், வடக்கே துர்க்கை, மேற்கே பிள்ளையார். தெற்கு அறையில் தாடியோடு, தொந்தியோடு ஒரு முனிவர் நிற்கிறார். வழிகாட்டி வாயைத் திறக்குமுன் அம்மா சொல்லிவிட்டார்: "அகத்தியர்." வழிகாட்டி திகைத்துப் போனார். இந்தப் பெயரை அவர் சொல்லி மற்றவர்கள் திகைப்பதுதான் வழக்கமாம்.

ஊர் திரும்பிய வாரம், எங்கள் பக்கத்து வீட்டில் வேலை பார்க்கும் பெண் குப்பைத் தொட்டியை வெளியே வைக்க வந்திருந்தார். நாலு வருடமாக எங்கள் சாலையில் இருப்பவர். பிபிக் என்பதைத் தவிர வேறு பெயரில் அவரை யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. அம்மா வேலியோரம் போய், தோட்டத்தில் கற்ற உடைந்த மலாயில் எந்த ஊர் என்று விசாரித்தார். மத்திய ஜாவா என்று பதில் வந்தது. அம்மா அடுத்த கேள்வியாக, திரௌபதிக்கு எத்தனை கணவர் என்று கேட்டார்.

அந்தப் பெண் கையிலிருந்த தொட்டியைக் கீழே வைத்தார். "ஒருத்தர்தான், இபு. யுதிஸ்திரா." அம்மா விரலை மடக்கி ஐந்து பெயரையும் சொல்லத் தொடங்கினார். நான் உள்ளே வந்து அரிசி களைந்து, உலை வைத்து, சோறு இறக்கும்வரை இருவரும் வேலியோரம் வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.